எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி? – வாசகர் கேள்வி பதில்

"இந்தத் தொந்தரவுக்கு எங்கே போவது?" இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைத்தான் கேட்கின்றன. தமிழ்நாட்டில் வசிப்பவர்களை மனத்தில் வைத்து, மருத்துவர்களும் பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவர்களும் சேர்ந்து பதில் சொல்கிறோம்.

எங்கள் கிராமத்தில் துணை சுகாதார நிலையம் இருக்கிறது. நான்கு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம், கொஞ்சம் தள்ளி தாலுகா ஆஸ்பத்திரி. ஆனாலும் தலைவலி என்றால்கூட எல்லோரும் திருச்சிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். எதற்கு எங்கே போக வேண்டும்?
– வாசகர், முசிறி

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காய்ச்சல், தடுப்பூசி, கர்ப்பகாலப் பரிசோதனை ஆகியவற்றுக்குத் திருச்சி வேண்டாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஓ.பி.யில் ஒவ்வொரு முறையும் வேறொரு டாக்டர் பார்ப்பார், உங்கள் பழைய கணக்கு அவருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் பெயரைப் பதிந்துகொண்டால் அழுத்தமும் சர்க்கரையும் ஒரே ஏட்டில் தொடர்ந்து ஏறும், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். சர்க்கரை கட்டுக்குள் வருவதற்கு இந்தத் தொடர்ச்சிதான் முக்கியம்.

அடுக்கு இப்படி இருக்கிறது. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிப் பதிவு, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, வீட்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றிய தகவல் எல்லாம் அவரிடம்தான் தொடங்கும். அவருடைய செல்பேசி எண் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஒவ்வொரு வட்டாரத்திலும் அவற்றில் ஒன்றை 30 படுக்கையோடு தரம் உயர்த்தியிருப்பார்கள். உங்கள் வட்டாரத்தில் அது எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், கூடுதல் டாக்டர்கள் இருக்கும் இடம் அதுதான். அறுவைச் சிகிச்சை, எலும்பு, கண், காது-மூக்கு-தொண்டை, மனநலம், டயாலிசிஸ், சி.டி. ஸ்கேன் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை. இவற்றில் சில வசதிகள் பெரிய தாலுகா மருத்துவமனைகளிலும் உண்டு. மூளை அறுவை, இதயக் குழாய் அடைப்பு, சிறுநீரகச் சிறப்பு மருத்துவம் இவற்றுக்குத்தான் மருத்துவக் கல்லூரி.

மேலே போக வேண்டியிருந்தால் கீழே இருக்கும் டாக்டரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். என்ன சந்தேகம், என்ன மருந்து கொடுத்தாயிற்று, எந்தப் பிரிவுக்கு அனுப்புகிறோம் என்று அதில் இருக்கும். சீட்டு இல்லாமல் போனால் பொது மருத்துவ ஓ.பி.யில் நின்று, அங்கிருந்து சிறப்புப் பிரிவுக்கு எழுதி வாங்குவதற்குள் மதியமாகிவிடும், அன்றைய ஓ.பி. முடிந்திருக்கும்.

காய்ச்சல் பற்றி ஒரு எச்சரிக்கை. டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் சூடு இறங்கும் நாளில்தான். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தூக்கக் கலக்கம், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் படுக்கையில் சேர்த்துக் கவனிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் நகர்ப்புற நலவாழ்வு மையங்களைப் பயன்படுத்தலாம். 2023-இல் 500 மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்திருப்பதால் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

பெற்றோர் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஊரில் தனியாக இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் அருகில், மாவட்ட ஆஸ்பத்திரி 35 கிலோமீட்டர். ராத்திரி நேரத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தால் முதலில் எங்கே கொண்டு போகச் சொல்வது?
– வாசகி, அறந்தாங்கி

இரண்டுக்கும் பதில் வேறு வேறு. ஒன்றுக்குச் சரியான வழி இன்னொன்றுக்கு ஆபத்தாகிவிடும்.

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் அருகில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே முதல் நிறுத்தம். அங்கே ஈ.சி.ஜி. எடுப்பார்கள். 2023 ஜூனில் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை ஒரே வேளையாகக் கொடுத்துவிட்டு மேலே அனுப்புவார்கள். இதய ரத்தக் குழாயை அடைக்கும் ரத்தக்கட்டி பெரிதாகாமல் தடுக்க இது உதவும். அங்கிருந்து 108 ஆம்புலன்ஸில், கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் இடத்துக்கோ ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் உள்ள இடத்துக்கோ போக வேண்டும். இந்த மாத்திரைகளை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு நீங்களாகக் கொடுக்கக் கூடாது. குடற்புண்ணில் ரத்தம் கசிபவருக்கும் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) கிழிந்தவருக்கும் அது உயிருக்கே ஆபத்து.

அடையாளம்: நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, உடம்பு நனையும் குளிர்ந்த வியர்வை. சர்க்கரை நோயாளிக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் களைப்பும் மட்டும் வரலாம். "வாயுப் பிடிப்பு" என்று சோடாவும் இஞ்சிச் சாறும் கொடுத்துக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் இதயத் தசை செத்துப்போகிறது. நோயாளியை நடக்க வைக்காதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள்.

பக்கவாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்துவது பெரும்பாலும் நேர விரயம். காரணம் சி.டி. ஸ்கேன். மூளைக் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிகிறதா என்பது ஸ்கேன் இல்லாமல் யாருக்கும் தெரியாது. அடைப்பு என்றால் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதே ஊசியை ரத்தக் கசிவில் போட்டால் உயிர் போகும். அதனால்தான் பக்கவாதம் என்று தோன்றினால் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. 108-க்குக் கூப்பிடும்போதே "வாய் கோணிவிட்டது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி வேண்டும்" என்று சொல்லச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ மயக்கமோ இருந்தால் மட்டும் வழியில் நிறுத்தலாம்.

நாலரை மணிக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். கண்டுபிடித்த நேரம் அல்ல, கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம். காலை ஆறு மணிக்கு எழும்போதே கை விழுந்திருந்தால், முந்தின இரவு படுக்கப் போன நேரத்தைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்படி நேரம் கடந்தாலும் போகாமல் இருக்க வேண்டாம். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் வழியாகக் கட்டியை எடுக்க முடிகிறது.

வாயில் தண்ணீரோ காபியோ மாத்திரையோ வைக்க வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று கூடுதலாக ஒரு மாத்திரை கொடுப்பதும் தவறு. திடீரென்று அழுத்தம் இறங்கினால் மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறையும். சர்க்கரை நோயாளிக்கு வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியும்.

பெற்றோர் தனியாக இருப்பதால் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று: மாவட்டத்தில் 24 மணி நேரமும் சி.டி. ஓடும் அரசு மருத்துவமனை எது, கேத் லேப் எங்கே என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயரோடு சுவரில் ஒட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.

வயலில் பாம்பு கடித்தால் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போவதா, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கா? நாய்க்கடிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பாம்புக்கடிக்கு, விஷமுறிவு மருந்து இருக்கும் மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்போது வைத்திருக்கிறார்கள். 108-இல் பேசும்போது எங்கே இருப்பு என்று கேட்டுக்கொள்ளலாம். முதல் தவணை உள்ளே போன பிறகு, செயற்கைச் சுவாசம் தேவைப்படுமானால் அவர்களே மேலே அனுப்புவார்கள். வழக்கமான தொடக்க அளவு 10 குப்பிகள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா?" என்று தடுத்துவிடாதீர்கள்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான் வேலை செய்யும். அதனால் பாம்பைத் தேடி அடித்து எடுத்து வரவேண்டியதில்லை. (இந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இருளர்கள் செய்யும் அந்த வேலைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.) கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வையுங்கள். கட்டு விரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியோடு கண் இமை தொங்கினால் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கிளம்புங்கள். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். முதல் தடவை உறைந்துவிட்டாலும் 24 மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். பாதியில் எழுந்து வந்துவிடக் கூடாது.

நாய்க்கடியில் முதல் மருந்து சோப்பும் ஓடும் தண்ணீரும். 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த் தூள், மஞ்சள், காபித் தூள் எதுவும் வேண்டாம். பிறகு அன்றே ஊசி. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளைப் பூஜ்யமாகக் கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் இது மட்டும் போதாது. காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் வேண்டும். அது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது, தாலுகா அல்லது மாவட்ட மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். தடுப்பூசி தொடங்கிய 7 நாட்களுக்குள் போட்டாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கையில் ஊசி போட்டாயிற்று என்று காயத்தில் போட வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனால் ஒரு தனியார் மருத்துவமனையில் "இந்த கார்டு இங்கே செல்லாது" என்கிறார்கள், இன்னொன்றில் முன்பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, பண்ருட்டி

முதலில் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசி மூன்று கேள்விகள் கேளுங்கள். அட்டை உயிரோடு இருக்கிறதா, அப்பாவின் பெயர் அதில் இருக்கிறதா, இந்த ஆபரேஷனுக்கு எங்கள் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் எந்தெந்த மருத்துவமனைக்கு அனுமதி இருக்கிறது. மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருந்தாலும் எல்லாப் பிரிவுக்கும் அனுமதி இருக்காது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. வாசலில் பலகை மாட்டியிருக்கிறதே என்று போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தால் நாள் வீணாகும்.

அடுத்தது முன் அனுமதி. நோயாளியின் பரிசோதனை முடிவுகளை மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ஆபரேஷன். அவசரம் என்றால் தொலைபேசியிலேயே கேட்பார்கள். நீங்கள் கைப்பணம் கட்டி ஆபரேஷன் முடித்துவிட்டு, பிறகு அட்டையைக் காட்டித் திரும்பக் கேட்டால் கிடைக்காது. அதனால் சேரும் நேரத்திலேயே அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் அங்கே இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் காட்டிவிடுங்கள். ஒப்புதல் வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அங்கே நின்றபடியே அதே எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

அட்டை இல்லாதவர்களுக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சிக்கல் வருவது பெரும்பாலும் பெயர்களில்தான். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும், பிறந்து மூன்று வருஷமான குழந்தையின் பெயர் எந்த கார்டிலும் இருக்காது, ஆதாரில் ஒரு முன்னெழுத்து, ரேஷன் கார்டில் வேறு. ஐ.சி.யூ. வாசலில் நின்று திருத்த முடியாத விஷயம் இது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே சரிபாருங்கள்.

அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனை யாரையும் திருப்பி அனுப்பாது. சாதாரண ஓ.பி. செலவுக்கு இந்த அட்டை உதவாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தால் யார் பணம் கட்டுவது?
– வாசகர், கிருஷ்ணகிரி

"இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனையானால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை கேட்க மாட்டார்கள். அடிபட்டவர் கர்நாடகக்காரராக இருந்தாலும், விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். 2021 டிசம்பரில் ஒரு லட்ச ரூபாய் வரம்போடு தொடங்கி, பிறகு இரண்டு லட்சமாக்கினார்கள். சேர்க்கும்போதே "48 திட்டத்தில் பதியுங்கள்" என்று சொல்லுங்கள்.

மகள் பெங்களூருவில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். முதல் பிரசவம் சிசேரியன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாமா?
– வாசகி, நிலக்கோட்டை

பரிசோதனைக்குப் போகலாம், பிரசவத்துக்கு வேண்டாம். முன்பு சிசேரியன் ஆனவருக்கு வலி எடுக்கும்போது பழைய தையல் பிரியும் ஆபத்து உண்டு. பிரிந்தால் நிமிடக் கணக்கில் ஆபரேஷன் செய்ய வேண்டும். மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், குழந்தை மருத்துவர், ரத்த வங்கி நான்கும் இரவு பகலாக இருக்கும் "சீமாங்" மையம் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, இரட்டைக் குழந்தை, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது இவற்றுக்கும் இதே பதில்தான்.

மகள் வந்த வாரமே கிராம சுகாதார செவிலியரிடம் பதியுங்கள். பெங்களூருவில் கொடுத்த தாய் அட்டை, எல்லா ஸ்கேன் தாள்கள், முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றும் வேண்டும். முன்பு எதற்காக, எந்த மாதிரி வெட்டு போட்டார்கள் என்பது அந்தச் சம்மரியில்தான் இருக்கும். ஸ்கேனில் நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தால் தாலுகா மருத்துவமனையிலும் நிற்காமல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். கர்ப்பப் பதிவு எண்ணை மறந்துவிடாதீர்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார். எதற்குப் போனாலும் ஓர் ஊசி, பொட்டலத்தில் மாத்திரை. அவர் உண்மையான டாக்டரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஆம்பூர்

மருந்துச் சீட்டில் பெயரோடு பட்டமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். சித்த மருத்துவர் என்றால் பி.எஸ்.எம்.எஸ். பட்டமும் சித்த மருத்துவக் கவுன்சில் பதிவும் இருக்கும். கிளினிக்குக்கும் தனியாக அரசுப் பதிவுச் சான்றிதழ் உண்டு, சுவரில் மாட்டியிருக்க வேண்டும். மாத்திரையின் பெயரை எழுதித் தராமல் பொட்டலம் மடிப்பவரிடம் போகாதீர்கள். ஒரே ஊசியில் மூட்டு வலியும் இளைப்பும் பறந்துவிடுகிறது என்றால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள்.

அம்மா பக்கவாதத்தில் படுத்து ஆறு மாதம் ஆகிறது. மருத்துவமனைக்குத் தூக்கிப் போக ஆளில்லை.
– வாசகி, தேனி

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை மட்டும் வீட்டுக்கு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும்கூட வீட்டுக்கு வருகிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள். "படுத்த படுக்கை, சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது, முதுகில் புண்" என்று நிலைமையை விவரமாகச் சொன்னால்தான் சரியான ஆளை அனுப்புவார்கள். அவர்கள் வரும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பப் போய்க் கிருமி ஏறும்.

பத்தொன்பது வயது மகன் தூங்குவதில்லை, தனியாகப் பேசுகிறான். மந்திரிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, பெயர் வேண்டாம்

இந்த வயதில் தொடங்கும் மனநோய்க்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்குப் படிப்பும் வேலையும் தப்பும். கோயிலுக்குப் போவது உங்கள் விருப்பம், ஆனால் மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல ஓ.பி. இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது, எந்த நாள் என்று அங்கே கேளுங்கள். மகன் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். செத்துப்போகிறேன் என்று சொன்னால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டினால் தவறாக நினைப்பார்களா?
– வாசகர், சென்னை

நினைத்தாலும் பரவாயில்லை. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாத எந்த ஆபரேஷனுக்கும் இரண்டாவது கருத்து கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரியின் எலும்புப் பிரிவில் கேட்பது நல்லது, அவர்களுக்கு உங்கள் ஆபரேஷனால் வருமானம் இல்லை. முதல் மருத்துவமனையிலிருந்து எக்ஸ்ரே படத்தையும் குறிப்புகளையும் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. மூட்டு உபகரணத்துக்கு 2017 ஆகஸ்ட் முதல் மத்திய அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. அதனால் உபகரணம், ஆபரேஷன் கட்டணம், அறை வாடகை, பிசியோதெரபி என்று தனித்தனியாகப் பிரித்த மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். ஆபரேஷன் முடிந்ததும், உள்ளே வைத்த மூட்டின் நிறுவனப் பெயரும் வரிசை எண்ணும் கொண்ட ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பல வருடம் கழித்து அந்த மூட்டில் கோளாறு வந்தால், அடுத்து பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.